பக்கத்து வீட்டுச் சுவர்

“பொம்மை வீடா? இந்த வயதிலா?”

விடுதியில் என் அறைக்குள் முதன்முறையாக நுழையும் தோழியர் பெரும்பாலும் இப்படித்தான் கேட்பர். மேசையின் ஒரு பாதியில் கணக்கியல் நூல்கள். மறுபாதியில் கூரையில்லாத ஒரு வீடு, தீப்பெட்டியளவில் ஓர் அடுப்பு, பல்குத்தும் குச்சியில் நூல்கட்டிச் செய்த ஒரு விளக்குமாறு. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஐந்து ஆண்டுகளாக இந்த வேலையில் நான் செய்துவரும் தவறுகளைப் பற்றியதுதான் இக்கட்டுரை. அத்தவறுகளை நம் கழகம் என்ன செய்கிறது என்பதைப் பற்றியும் எனக்கொரு கருத்துண்டு. அதற்கு முன் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லியாக வேண்டும்.

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் ஐந்தாம் படிவ மாணவி. அவ்வாண்டு இறுதியில் எழுதவேண்டிய எஸ்பிஎம் தேர்வு 2021 பிப்ரவரிக்குத் தள்ளிப் போனது. வீட்டில் இருக்கும் ஒரே கணினி அண்ணனிடம். தொலைபேசித் திரையில் பாடம் கேட்டுக் கேட்டுக் கண் எரியும். அப்போது ஆறு வயதான என் தங்கை, தன் பார்பி பொம்மைக்கு வீடு வேண்டுமென்று அடம்பிடித்தாள். கடை ஏது? சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுத்துக் கதவு வெட்டி, சன்னல் வெட்டி, பழைய நாள்காட்டித் தாளைச் சுவரில் ஒட்டி, அரை நாளில் வீட்டை முடித்தேன். தங்கை பொம்மையை உள்ளே நிறுத்தினாள். நிற்கவில்லை. இடுப்பளவுக்குமேல் கூரைக்கு வெளியே இருந்தது. “அக்கா, இது நாய் வீடா?” என்று கேட்டாள்.

அந்தப் பொம்மையின் உயரம் 11½ அங்குலம். பெட்டியின் உயரம் நாலரை அங்குலம். வீடு கட்டுவதற்குமுன் அதில் குடியிருக்கப் போகிறவரை அளந்து பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. இதை ஒரு சிறு வேடிக்கையாகத்தான் அன்று எடுத்துக்கொண்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து இதே தவற்றை இன்னும் பெரிய அளவில், ஒரு மண்டபம் நிறைந்த மக்கள் முன்னிலையில் செய்யப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

அதன்பின் அளவுகளைப் பற்றித் தேடிப் படித்தேன். பொம்மை வீடு செய்வோர் பெரும்பாலும் பயன்படுத்துவது 1:12 என்ற அளவு. உண்மை வீட்டில் ஓர் அடி, பொம்மை வீட்டில் ஓர் அங்குலம். பார்பி போன்ற பொம்மைகள் 1:6, அதாவது இருமடங்கு பெரியவை. நாமெல்லாம் பள்ளியில் மீட்டரும் சென்டிமீட்டரும் படித்தவர்கள்; அடியும் அங்குலமும் நம் தாத்தா பாட்டிகளின் கணக்கு. பத்தடி அறை என்றால் பத்தங்குலம், ஆறடிக் கதவு என்றால் ஆறங்குலம். இவ்வளவு எளிதான கணக்கில்கூடத் தவறு செய்ய முடியுமா என்றால், முடியும். நான்கு சுவர்களையும் சரியாகப் பத்தங்குலம் வெட்டிவிட்டு ஒட்டப்போனால் தரை பொருந்தாது. ஏனெனில் அட்டைக்கும் தடிமன் உண்டு. ஐந்து மில்லிமீட்டர் அட்டையில் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் காணாமல் போய்விடும். இந்த ஒரு சென்டிமீட்டரை நான் மூன்று வீடுகளில் தொலைத்திருக்கிறேன்.

இன்னும் உண்டு. வீட்டை முழுதாக ஒட்டி முடித்தபிறகு உட்சுவரில் தாள் ஒட்டப் போனேன். கை உள்ளே நுழையவில்லை. சன்னலுக்கு வைத்த தெளிவான நெகிழித் தாளைச் சூப்பர் குளூவால் ஒட்டினேன். மறுநாள் அதன் ஆவி படிந்து, கண்புரை விழுந்த கண்போலச் சன்னல் வெளுத்துக் கிடந்தது. வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவினேன். ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி, சுவரையே வில்லாக வளைத்துவிட்டது. சுவரின் மறுபக்கமும் ஒரு தாள் ஒட்டி, கனமான நூல்களை அடுக்கி ஓரிரவு அழுத்தி வைத்தால் வளையாது என்பதைப் பிறகு கண்டுகொண்டேன். (என் கணக்கியல் நூல்கள் முழுமையாகப் பயன்பட்டது அப்போதுதான் என்று அண்ணன் சொல்வார்.) கோதுமை மாவும் பசையும் பிசைந்து இட்லி, வடை, வாழைப்பழச் சீப்பு எல்லாம் செய்து வண்ணம் பூசினேன், ஒரே வாரத்தில் எறும்புகள் உண்மையான விருந்து நடத்திவிட்டுப் போயின. போலிஸ்டரின் பலகையில் தெளிப்பு வண்ணம் அடித்தேன். வண்ணத்திலுள்ள கரைப்பான் பலகையைத் தின்று, வீட்டின் முகப்பு என் கண்ணெதிரே உருகிக் குழிந்தது. அதற்கு நீரில் கரையும் வண்ணத்தைத் தூரிகையால்தான் பூச வேண்டும். இந்தக் கடைசித் தவற்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் மீண்டும் வரும்.

ஒவ்வொரு தவற்றையும் நான் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைக்கத் தொடங்கினேன். உருகிய துண்டு, வெளுத்த சன்னல், வளைந்த சுவர் எல்லாவற்றிலும் கொஞ்சம் வெட்டி அதே பக்கத்தில் ஒட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அன்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இன்று யோசித்தால் அதற்கு என் பள்ளிப் பருவம்தான் காரணம் என்று தோன்றுகிறது.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். அங்கே ‘திருத்தம்’ எழுதாத மாணவர் உண்டா? சிவப்பு மையில் வட்டமிட்ட சொல்லை மூன்று முறை சரியாக எழுத வேண்டும். றகரத்துக்கு ரகரம் போட்டால் மூன்று வரி, ஒற்று விட்டுவிட்டால் மூன்று வரி. கை வலிக்கும், ஆனால் வெட்கமில்லை. பக்கத்திலிருப்பவளும் எழுதிக்கொண்டுதானே இருப்பாள். தவறான சொல் அங்கேயே இருக்கும், சரியான சொல் அதற்குக் கீழே இருக்கும். அழிப்பானால் அழித்துவிட்டு எழுதினால் ஆசிரியருக்குக் கோபம் வரும். “எங்க தப்பு செஞ்சன்னு நாளைக்கு உனக்கு எப்படித் தெரியும்?” என்பார்.

தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் நிலைமை மாறியது. முதலாம் படிவம், இரண்டாம் வாரம். தலைவலி தாங்காமல் ஆசிரியையிடம் போய் மலாயில் சொன்னேன். தலை என்பதற்குக் ‘கெப்பாலா’ என்று சொல்லவேண்டியவள் ‘கெலாப்பா’ என்றேன். அதாவது, “ஆசிரியை, எனக்குத் தேங்காய் வலிக்கிறது.” வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார், அன்பாகத்தான். ஆனால் அன்றிலிருந்து மூன்றாம் படிவம் முடியும்வரை எனக்குப் பெயர் ‘கெலாப்பா’. நான் என்ன செய்தேன்? பேசுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு ஆண்டுகள் வகுப்பில் கை தூக்கியதில்லை. தவறு செய்யவுமில்லை, மலாய் வளரவுமில்லை. கேட்டால் தெரியாது என்று தோள்குலுக்குவது எளிதாக இருந்தது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த என் தோழியரில் இன்னும் சிலர் அப்படியே ஒதுங்கிப் போனதை அறிவேன். அவர்களில் எவரும் அறிவில் குறைந்தவர் அல்லர்.

ஆக, பதினேழு வயதில் சப்பாத்துப் பெட்டியோடு தனியாக உட்கார்ந்தபோது எனக்குக் கிடைத்தது, யாரும் சிரிக்காத ஓர் இடம். தங்கை சிரித்தாள், ஆனால் அடுத்த வீட்டை எப்போது கட்டுவாய் என்றும் கேட்டாள்.

பொம்மை வீடென்றால் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பெட்ரொனெல்லா ஊர்ட்மன் என்ற பெண்மணி 1686-க்கும் 1710-க்கும் இடையில் உருவாக்கிய பொம்மை வீடொன்று இருக்கிறது. அதற்கு அவர் செலவிட்ட பணத்தில் அந்நகரின் கால்வாயோரம் உண்மையான வீடே வாங்கியிருக்கலாமாம். மற்றொருவர் அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் கிளெஸ்னர் லீ. 1940-களில் அவர் செய்த பொம்மை வீடுகளில் குழந்தைகள் விளையாட முடியாது. ஒவ்வொன்றிலும் ஒரு மரணம் நிகழ்ந்திருக்கும். அது கொலையா, தற்கொலையா, விபத்தா என்று காவல்துறையினர் பார்த்துப் பழகுவதற்காக 1:12 அளவில் அவற்றைச் செய்தார். சுவரிலுள்ள கறை, நாள்காட்டியின் தேதி, பாதி உரித்த உருளைக்கிழங்கு எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பொம்மைகளின் காலுறைகளைக்கூட நுண்ணிய ஊசிகளால் அவரே பின்னினார். அவற்றுள் 18 வீடுகள் பால்டிமோர் நகரின் மரண விசாரணை அலுவலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவசரமாகப் பார்த்து அவசரமாக முடிவுகட்டும் கண்ணைப் பழக்குவதற்காகவே அந்த வீடுகள் என்பதுதான் என்னைக் கவர்ந்தது.

நமக்கும் இது புதிதன்று. சிறுமியர் மணலில் கட்டும் சிற்றில் கலித்தொகையில் வருகிறது. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுவதும், கட்டிய சிற்றிலைக் கலைக்காதே என்று கண்ணனிடம் சிறுமியர் மன்றாடுவதுதான். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு பருவமாகவே இருக்கிறது. அங்கெல்லாம் வீட்டைக் கலைக்க வெளியிலிருந்து ஒருவன் வருவான். என் வீடுகளுக்கு அந்தக் கவலை இல்லை, நானே போதும்.

இனிக் கழகத்துக் கதைக்கு வருகிறேன். 2024-ஆம் ஆண்டு நம் கழகம் தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றிய ஒரு கண்காட்சியை ஏற்பாடு செய்தது மூத்த மாணவர்களுக்கு நினைவிருக்கும். பால்வாளி, உளி, மங்கு, பித்தளைக் குடம் என்று ஆளாளுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். என் பொழுதுபோக்கை அறிந்த செயலவையினர், லயத்து வீடு ஒன்றைச் செய்து தரும்படி என்னைக் கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பாட்டி கோல சிலாங்கூர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, அங்கேயே மணமாகி, ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். தொண்ணூறுகளில் தோட்டம் கைமாறியதும் குடும்பம் கிள்ளானுக்கு வந்துவிட்டது. நான் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. எங்களிடமிருப்பது ஒரே ஒரு படம்: 1988-இல் பெரியம்மாவின் திருமணத்தன்று வாசலில் எடுத்தது. நீலச் சுவர், தகரக் கூரை, அஞ்சடியில் வரிசையாக உறவினர்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஆறு வாரம் உழைத்தேன். இம்முறை தவறே நடக்காது என்று நம்பினேன். என் தவற்றுப் புத்தகம்தான் கையில் இருக்கிறதே! ஐந்து மில்லிமீட்டர் அட்டை பன்னிரண்டு மடங்கானால் ஆறு சென்டிமீட்டர். பலகைச் சுவருக்கு அது மிகத் தடிமன். ஐஸ்கிரீம் குச்சியோ இரண்டு மில்லிமீட்டர். பன்னிரண்டு மடங்கானால் ஏறக்குறைய ஓர் அங்குலப் பலகை. ஆகவே ஐஸ்கிரீம் குச்சிகளை வாங்கிச் சுவர் எழுப்பினேன். பெட்டி அட்டையின் மேல்தாளை ஈரப்படுத்தி உரித்தால் உள்ளேயிருக்கும் அலை தகரக் கூரையின் அலைக்கு ஏறத்தாழ அதே அளவில் அமைந்துவிடும். அதில் துரு நிறம் பூசினேன். உள்ளே கட்டில், மெத்தை, சாமி மேடை, சமையலறையில் மண் அடுப்பு. பொத்தான் மின்கலத்தில் எரியும் ஓர் எல்இடி விளக்கு. உள்ளே இருப்பது தெரியவேண்டும் என்பதற்காகப் பொம்மை வீடுகளின் வழக்கப்படி ஒரு பக்கச் சுவரை மட்டும் வைக்காமல் திறந்து விட்டேன். வண்ணத்தைத் தூரிகையால்தான் பூசினேன் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கண்காட்சிக்குப் பத்து நாள் முன்பு, வார இறுதியில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கடைசி வேலைகளை முடிக்கலாம் என்று அப்பாவின் காரில் ஏற்றினேன். வழியில் சாப்பிட நிறுத்தினோம். ஒரு மணி நேர வெயில். திரும்பி வந்து பார்த்தால் கூரை சரிந்து பின்னிருக்கையின் அடியில் கிடக்கிறது. குளூ கன்னால் சூடாக்கி ஒட்டும் பசை, சூட்டிலேயே இளகிவிடும் என்பது என் புத்தகத்தில் இல்லாத பாடம். அழாத குறையாக வீட்டைத் தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். கூரையில்லாததால் மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். பாட்டி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார்.

“என்ன பாப்பா இது?”

“நம்ம தோட்டத்து வீடு பாட்டி.”

“அப்படியா?” என்றார். அந்த ‘அப்படியா’வில் என் வயிறு கலங்கியது. சற்று நேரம் பார்த்தார். பிறகு விரல்நுனியால் தொட்டுத் தொட்டுப் பேசத் தொடங்கினார்.

“செவுரு நீலமா இருக்கே? அது பெரியம்மா கல்யாணத்துக்கு நம்ம கைக்காசுல அடிச்சது. தோட்டத்துல அடிச்சி குடுக்கிறது வெறும் சுண்ணாம்புதான். கட்டிலு ஏது? எட்டுப் பேரு, பாயிதான். கதவு இம்மாம் ஒசரமா? உங்க தாத்தா குனிஞ்சிதான் வருவாரு. அடுப்புல பொகைஞ்சா பொக எங்கிட்டுப் போவும்? செவுத்துக்கும் தகரத்துக்கும் நடுவால ஒரு சாண் வுட்டிருப்பான்.”

நான் பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டே வந்தேன். இவையெல்லாம் திருத்தக்கூடியவை. பத்து நாள் இருக்கிறது. அப்போது பாட்டி நான் திறந்துவிட்டிருந்த பக்கத்தில் கையை வைத்தார்.

“இது என்னா, தொறந்து கெடக்கு?”

“உள்ள தெரியணும்ல பாட்டி. அதான் அந்தச் சுவர வைக்கல.”

“நீ பிச்சி எடுத்த செவுருதான் பாப்பா பக்கத்து வீடு.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே சொன்னார். “லயம்னா ஒத்தயா நிக்குமா? எங்க லயத்துல ஆறு வீடு. நடுச்செவுரு கூரை வரைக்கும் போவாது. பக்கத்து வீட்டுப் புள்ள ராத்திரி இருமுனா நான் தைலத்த எடுத்துக்கிட்டு ஓடுவேன். அவங்க வீட்டுல சண்டன்னா எங்க வீட்டுல சோறு எறங்காது. இது என்னமோ வெள்ளைக்காரன் பங்களா மாதிரி தனியா நிக்குது.”

வாசக நண்பர்களே, ஆறு வாரம் உழைத்த வீட்டில் என் பெரிய தவறு பசையிலோ அளவிலோ இல்லை. நான் பார்த்துப் பழகிய பொம்மை வீடுகளெல்லாம் மேல்நாட்டுத் தனி வீடுகள். ‘வீடு’ என்றதும் நான்கு பக்கமும் வெளியாக, தனியாக நிற்கும் ஒன்றுதான் என் மனத்தில் வந்தது. லயம் என்ற சொல்லை வாயால் சொல்லிக்கொண்டே கையால் பங்களா கட்டியிருக்கிறேன். அந்த வீட்டில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் எனக்கு அடுத்த அறையில்தான் படுத்திருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திடீரென்று காட்டி அசத்த வேண்டுமாம். குடியிருப்பவரை அளக்காமல் சப்பாத்துப் பெட்டியில் வீடு கட்டிய அதே பெண்தான்.

மீதமிருந்த நாட்களில் இன்னொரு வீடு கட்டினேன். ஆறு வீட்டு லயத்துக்கு நேரமில்லை, ஒன்றரை வீடு. நடுவே கூரையைத் தொடாத ஒரு பலகைச் சுவர். சுண்ணாம்பு நிறம், பாய், தாழ்ந்த கதவு. கூரையை வெள்ளைப் பசையில் ஒட்டி ஓரிரவு காயவிட்டேன். பக்கச் சுவரை எடுப்பதற்குப் பதிலாகக் கூரையின் பாதியைத் தூக்கித் திறக்கும்படி வைத்தேன், பாட்டி பார்த்ததுபோலவே மேலிருந்து பார்ப்பதற்கு.

பிறகு செயலவையினரிடம் ஒன்று கேட்டேன். முதல் வீட்டையும் இரண்டாம் வீட்டையும் அருகருகே வைக்கலாம். முதல் வீட்டில் பாட்டி கண்ட தவறுகளைச் சிறு அட்டையில் எழுதி அங்கங்கே குத்தலாம் என்றேன். கூட்டத்தில் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. முடிவில் முதல் வீடு மேசைக்கடியில் துணிபோட்டு மூடப்பட்டது.

மறுத்தவர்களை நான் குறைசொல்லவில்லை. அவர்கள் சொன்ன காரணத்தில் பொருளுண்டு. சிறப்பு விருந்தினர் வருவார். மற்ற மொழிக் கழகத்தாரும் வருவார்கள். “நம்மளப் பத்தி ஏற்கெனவே ஆயிரம் பேசுறாங்க. நம்ம தப்ப நாமே மேசையில வைக்கணுமா தங்கச்சி?” என்று எங்கள் தலைவர் கேட்டார். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ‘கெலாப்பா’ என்று பெயர் வாங்கியவளுக்குத் தெரியாதா? சிறுபான்மையாய் இருப்பவர்கள், ஒருவன் தவறினால் எல்லாரையும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்று அஞ்சுவது இயல்பு. அதனால்தான் நம் மேடைகளில் எல்லாம் முதல் தரமாக இருக்க வேண்டும் என்று துடிக்கிறோம். அன்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது திறக்கிறேன். அந்த முடிவு சரியன்று என்பதே என் கருத்து.

கண்காட்சியன்று என்ன நடந்தது? தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் பலர் வந்தார்கள். இரண்டாம் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். “அருமையா செஞ்சிருக்கம்மா” என்று தலையில் கைவைத்து வாழ்த்தினார்கள். போய்விட்டார்கள். ஒரே ஓர் அம்மா மட்டும் நகராமல் நின்று, தயங்கித் தயங்கி, “எங்க தோட்டத்துல அடுப்பங்கர தனியா பின்னால இருக்கும்” என்றார். உடனே, “இதுவும் நல்லாத்தான் இருக்கு” என்று சேர்த்துக்கொண்டார். முழுமையாக முடிந்துவிட்டதுபோல் நிற்கும் ஒன்றைத் திருத்த யாருக்கும் மனம் வராது. தவறுகள் குறிக்கப்பட்ட முதல் வீடு மேலே இருந்திருந்தால், அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு விரலை நீட்டியிருப்பார்கள். எத்தனை தோட்டம், எத்தனை வகை லயம், எத்தனை கதை! ஒரே நாளில் அவ்வளவும் வாசல்வரை வந்து திரும்பிவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. கழகத்தின் ஆவணத்தில் அந்தக் கண்காட்சியின் படங்கள் இருக்கின்றன. அழகான படங்கள். இரண்டாம் வீடு, குத்துவிளக்கு, நாடா வெட்டும் விருந்தினர். எங்களுக்குப் பின்வந்த இளையோர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத் தாங்களும் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியைச் சிறிய அளவில் செய்யத் தொடங்கினார்கள். சில மாதங்களுக்குமுன் என் அறைக் கதவைத் தட்டி, “அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன்” என்றார்கள். போனேன். போலிஸ்டரின் பலகை. தெளிப்பு வண்ணம். பள்ளியின் பெயர்ப் பலகை இருந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம்.

அந்தப் பள்ளத்தை அவர்களுக்கு முன்பே நான் தோண்டியிருக்கிறேன். என் புத்தகத்தில் அது முதல் ஆண்டுப் பக்கத்தில், உருகிய துண்டோடு ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனால் கழகத்தின் ஆவணத்தில் இல்லை. பொம்மை வீட்டுக்கு மட்டுமா இந்தக் கதை? கலை இரவின் ஒலிபெருக்கி ஆண்டுதோறும் ஏன் அதே நேரத்தில் கெடுகிறது? நன்கொடைக் கடிதங்கள் ஏன் ஆண்டுதோறும் தாமதமாகப் போகின்றன? ஒவ்வொரு செயலவையும் அடுத்ததற்குக் கொடுத்துவிட்டுப் போவது, வெற்றியடைந்த நிகழ்ச்சிகளின் படத் தொகுப்பு. தவறுகள் அவரவரோடு பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறிவிடுகின்றன.

கணக்கியலில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது ஒன்றுண்டு. பேரேட்டில் தவறான பதிவு விழுந்துவிட்டால் அதை அழிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது. அதைத் திருத்தும் பதிவொன்றை எழுதி, ஏன் திருத்தினோம் என்று ஒரு வரியில் குறிப்பிட வேண்டும். கணக்கைச் சரிபார்க்க வருபவர் இரண்டையும் பார்க்க வேண்டும். அழித்துத் திருத்திய பேரேட்டை யாரும் நம்பமாட்டார்கள், அதில் ஒரு தவறும் தெரியாவிட்டாலும்கூட. தெரியாவிட்டால் இன்னும் நம்பமாட்டார்கள். என் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அழிப்பானைப் பிடுங்கியதும் இதற்காகத்தான். சிரிப்பார்களே என்ற அச்சத்துக்கு என்னிடம் முழுமையான மருந்து இல்லை. சிரிக்கத்தான் செய்வார்கள், சிலர். ஆனால் இரண்டாண்டு வாய்மூடி இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் சிரிப்பைவிட அமைதிக்கு நான் கொடுத்த விலை அதிகம்.

ஆகவே செயலவையினருக்கு என் கோரிக்கை ஒன்றே. கழக அறையில் ஒரு தடித்த புத்தகம் இருக்கட்டும். நிகழ்ச்சி முடிந்த வாரமே அதில் நடந்த தவறுகளை எழுதுங்கள், கையொப்பத்தோடு. யாரையும் குற்றஞ்சாட்ட அன்று. பசை இளகியது, கடிதம் பிந்தியது, இன்னாரைக் கேட்க மறந்தோம் என்ற அளவில் போதும். தொடக்கமாக என் பயிற்சிப் புத்தகத்தைப் படியெடுத்துக் கொடுத்திருக்கிறேன். எறும்பு அரித்த வாழைப்பழச் சீப்பின் படமும் அதில் உண்டு.

அந்த முதல் வீட்டை நான் தூக்கிப் போடவில்லை. இப்போது கழக அறையின் அலமாரிமேல் இருக்கிறது. நீலச் சுவரும் உயரமான கதவும் அப்படியே உள்ளன. அண்மையில் பாட்டியிடம், லயத்துக்குப் பொதுவான தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டேன். இடப்பக்கம், மாமரத்தடியில் என்றார். போன வாரம் மீண்டும் கேட்டபோது வலப்பக்கம், கோயிலுக்குப் போகும் வழியில் என்றார். இப்போதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் மறதி. இரண்டு இடத்தையும் அடிப்பலகையில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

இவ்விதழைப் படிக்கும் முன்னாள் மாணவர்களில் அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இருப்பீர்கள். பல்கலைக்கழகப் பக்கம் வரநேர்ந்தால் கழக அறைக்கு வாருங்கள். உங்கள் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிவர முடிந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்குப் பக்கத்திலேயே பென்சிலும் வைத்திருக்கிறேன்.